தாத்தா பெயரில் ஒரு டாக்ஸி

போர்ட் பிளேர் விமான நிலையத்தின் வாசலில், என் தாத்தாவின் பெயரை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். தாத்தா போய்ச் சேர்ந்து முப்பத்திரண்டு வருஷமாகிறது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, பக்கத்தில்கூடப் போனதில்லை. அவரை அழைத்துப் போக அந்தமானில் ஒரு வெள்ளை டிசையர் காத்திருக்கிறது!

அப்பா அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா, எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போக யாரோ வந்திருக்காங்க பாரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் குரல் கொஞ்சம் பிசிறியது.

எல்லாம் அந்த முன்பதிவுப் படிவம் செய்த வேலை. அதைச் சொல்வதற்கு முன்னால் பெங்களூரைத் தாண்டியாக வேண்டும். எந்தத் தீவுக்குப் போனாலும் நமக்குப் பெரிய பயணம் பொம்மனஹள்ளியிலிருந்து தேவனஹள்ளிதான்.

நாங்கள் இருப்பது ஊரின் தெற்கு ஓரம். ஏர்போர்ட் இருப்பது வடக்கே, ஊரே முடிந்து திப்பு சுல்தான் பிறந்த ஊர் வந்துவிட்ட பிறகு. நடுவில் சில்க் போர்டு, அப்புறம் ஹெப்பாள். டிராஃபிக் நெரிசலுக்குப் பேர்போன இந்த இரண்டு பெயரையும் சொன்னாலே பெங்களூர்க்காரர்களுக்கு முழங்கால் வலிக்கும். அப்பா வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஏர்போர்ட் என்றால் ஹெச்ஏஎல். தொம்லூரிலிருந்து ஆட்டோ பிடித்தால் போதும். 2008 மே மாதம் தேவனஹள்ளி திறந்ததும் ஹெச்ஏஎல்லில் பயணிகள் விமானம் நின்றுபோனது. ரோட்டுக்கு மட்டும் இன்னும் ஓல்டு ஏர்போர்ட் ரோடு என்றே பெயர். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அப்பா ஒரு பெருமூச்சு விடுவார். அதை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஜனவரியில் போனோம். நான், அப்பா, அம்மா, என் பத்து வயது மகன். காலை ஆறரைக்கு விமானம் என்பதால் மூன்று மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். முந்தின நாள் இரவே ஒரு ஆப்பில் வண்டியைப் பதிவு செய்து வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். இரண்டரைக்கு போன் அடித்தது.

"எல்லி டிராப், மேடம்?"

"ஏர்போர்ட்."

"கேஷா, ஆன்லைனா?"

"ஆன்லைன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வண்டியும் இல்லை. அடுத்து இன்னொருவர், அவரும் இதே இரண்டு கேள்வி. மூன்றாவது ஆள் போனே செய்யவில்லை. திரையில் அவருடைய கார் ஒரே இடத்தில் நின்றபடி மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது, உரலைச் சுற்றும் பூனை மாதிரி.

டிரைவர்களை மட்டும் திட்டி என்ன பயன்? 2024 தொடக்கத்தில் கர்நாடக அரசு டாக்ஸிகளுக்கு ஒரே மாதிரிக் கட்டணம் என்று அறிவித்தது. பத்து லட்சத்துக்குள் உள்ள வண்டிக்கு முதல் நாலு கிலோமீட்டர் 100 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 24. நள்ளிரவு முதல் காலை ஆறு வரை பத்து சதவீதம் கூடுதல். எங்கள் வீட்டிலிருந்து ஏர்போர்ட் 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய், அதோடு 46 கிலோமீட்டருக்கு 1,104, ஆக 1,204. ராத்திரிக் கணக்கைச் சேர்த்தால் 1,324. சாதஹள்ளி டோலும் வரியும் தனி. காகிதத்தில் நல்ல வரும்படிதான். ஆனால் இறக்கிவிட்ட பிறகு ஊருக்குள் வர ஒரு சவாரி வேண்டாமா? அங்கே பார்க்கிங்கில் வரிசை போட்டு மணிக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும், இல்லையென்றால் காலி வண்டியோடு ஐம்பது கிலோமீட்டர் திரும்ப வேண்டும். கையில் காசு வந்தால் டீசலாவது போடலாம் என்று அவர் கணக்குப் போடுகிறார். அந்த 'கேஷா?'வுக்கு அதுதான் அர்த்தம்.

அதே விதியில் 120 கிலோ வரை சாமான்களுக்குக் கட்டணம் இல்லை என்றும் இருக்கிறது. நல்ல மனசு. ஆனால் டிக்கியைத் திறந்தால் கேஸ் சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது. மிச்சமுள்ள இடத்தில் அம்மாவின் முறுக்கு டப்பா வைத்த பை ஒன்று போகும். மற்ற மூன்று பெட்டி யார் மடியில்?

எங்களைக் காப்பாற்றியது தெருமுனை டிராவல்ஸ்காரர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள். பின்னிரவு இரண்டே முக்காலுக்கு எழுப்பினேன். "ஏன்க்கா, நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார். நியாயமான கேள்வி. டோலோடு சேர்த்து 1,500 என்றார், பேரம் பேச எனக்கு வாயில்லை. மூன்று பத்துக்கு எர்டிகா வாசலில் நின்றது. டிக்கியில் சிலிண்டர் இல்லை, டிரைவர் சட்டை தேய்த்திருந்தது. "டெர்மினல் ஒண்ணாக்கா, ரெண்டாக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். 2023 ஜனவரியில் இரண்டாவது டெர்மினல் ஓட ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்காத டிரைவரை நான் நம்புவதில்லை. தப்பான வாசலில் இறங்கிப் பெட்டியோடு அடுத்த டெர்மினலுக்கு ஓடியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அந்த நேரத்தில் சாலை காலி. ஐம்பத்தைந்து நிமிஷத்தில் போய்விட்டோம். சாயங்காலம் ஆறு மணிக்கு இதே சாலையில் ஹெப்பாள் மேம்பாலத்தையே எட்டியிருக்க மாட்டோம்.

இனி அந்தப் படிவம்.

போர்ட் பிளேரில் விமான நிலையத்திலிருந்து எங்கள் விடுதி நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. அங்கே விமான நிலையம் ஊருக்கு உள்ளேயே இருக்கிறது, கடற்படையின் உத்குரோஷ் தளத்தை ஒட்டி. வாசலிலேயே ஆட்டோ கிடைக்கும். இந்தத் தூரத்துக்குத் தனி வண்டி எதற்கு என்று நானும்தான் யோசித்தேன். ஆனால் அப்பாவுக்கு எழுபத்தாறு, அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். விடிய விடிய விழித்துவிட்டு, தெரியாத ஊரில் நாலு பெட்டியோடு வெயிலில் நின்று ரேட் பேச வேண்டாமே என்று தோன்றியது. கம்ப்யூட்டரில் தேடினேன். ஒரு வெளிநாட்டு இணையதளம் 'வரவேற்றல், உதவுதல்' என்றெல்லாம் தேன் தடவி, நாலு கிலோமீட்டருக்கு 2,000 ரூபாய் சொல்லியது. விடுதிக்கே போன் போட்டேன். "அறுநூறு மேடம், எங்க ஆள்தான் வருவார்" என்று முடித்துவிட்டார்கள்.

முன்பதிவுப் படிவத்துக்கு விவரம் அனுப்பச் சொன்னார்கள். பெரியவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று அப்பா டிக்கெட்டை அனுப்பினேன். நம் ஊர் இனிஷியல் கதை உங்களுக்குத் தெரியாததா? அப்பா பெயர் வே. சுப்பிரமணியம். பாஸ்போர்ட் எடுக்கும்போது 'வே'யை விரித்து, கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் வேலாயுதம் என்று எழுதினார்கள். அன்றிலிருந்து வங்கி, ஆஸ்பத்திரி, ஏர்லைன் எல்லோருக்கும் அப்பா மிஸ்டர் வேலாயுதம்தான். நான் மிஸ் சுப்பிரமணியம். குடும்பப் பெயர் இல்லாத ஜாதி நாம் என்று உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கு யார் புரிய வைப்பது! ஒரு தலைமுறை தள்ளித் தள்ளித்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

விடுதிக்காரர்களும் வஞ்சனை இல்லாமல், ஏ-4 தாளில் தடித்த எழுத்தில் 'வேலாயுதம்' என்று மட்டும் அச்சடித்துக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அப்பா அந்த அட்டையோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். அண்ணன் தம்பிகள் குரூப்பில் போட்டார். நிமிஷத்தில் சேலத்து அத்தையிடமிருந்து பதில்: "அப்பா எப்போ அந்தமான் போனார்?" அதற்குப் பின்னால் எழுபது எண்பது செய்தி. தாத்தா சைக்கிளில் ஏற்காடு போன கதையெல்லாம் வெளியே வந்தது. அறுநூறு ரூபாயில் அதிகப் பலன் தந்தது அந்தத் தாள்தான் என்பேன்.

டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா வண்டி ஏறியதும் தனக்குத் தெரிந்த நாலைந்து ஹிந்தி வார்த்தைகளைத் திரட்டி, "பையா, ஏசி... தோடா... கம்" என்றார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "குறைச்சுட்டேம்மா. தமிழ்லயே சொல்லுங்க." அவருடைய தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவராம். சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று நாள். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அந்தமானில் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். ஆனால் விமானம் இறங்கி பத்தாவது நிமிஷத்தில் ஏசி குறைக்கத் தமிழ் உதவும் என்று எதிர்பார்க்கவில்லை. அவருடைய தமிழில் ஹிந்தி கலந்திருந்தது. நம் பக்கத்தை 'மெயின்லேண்ட்' என்றார். "மெயின்லேண்ட் போயி ஆறு வருஷமாச்சும்மா, டிக்கெட் விலை கேட்டா மயக்கம் வருது."

2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அவர் வாயில் ஒரு தடவைகூட அந்தப் பெயர் வரவில்லை. புது விமான நிலையக் கட்டடம் 2023 ஜூலையில் திறந்தது. சிப்பி வடிவம் என்றார்கள். எனக்குக் கவிழ்த்த முறம் மாதிரித்தான் தெரிந்தது. "முன்னாடி சின்னதா இருக்கும், வர்ற ஆள் முகம் தெரியும். இப்பதான் இந்த போர்டெல்லாம்" என்றார் டிரைவர்.

அவர் சொன்ன முக்கியமான விஷயம் வெளிச்சத்தைப் பற்றியது. அந்தமான் இருப்பது பர்மாவுக்குப் பக்கத்தில். கடிகாரம் ஓடுவது டில்லி நேரத்தில். அதனால் ஜனவரியில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது, ஆறு மணிக்குக் கும்மிருட்டு. மதியத்துக்கு மேல் வந்து இறங்கினால் அன்றைய நாள் போயிற்று. அடுத்த தீவுக்கான படகுகளும் மாலைக்குள் முடிந்துவிடும். எங்கள் பெங்களூர் விமானம் மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டதால் பத்து மணிக்கெல்லாம் விடுதியில் இட்லி சாப்பிட்டோம். நடுராத்திரி எழுந்த அவதி அங்கேதான் வசூலானது.

மூன்றாம் நாள் ஹேவ்லாக். அரசாங்கக் கணக்கில் 2018 டிசம்பரிலிருந்து அது ஸ்வராஜ் தீவு. அங்கே என் சாமர்த்தியம் சந்தி சிரித்தது.

ஹேவ்லாக்கில் விமான நிலையம் கிடையாது, படகுத்துறைதான் வாசல். அங்கே இறங்கி கடற்கரை விடுதிக்குப் போக ஒரு வண்டி சொல்லி வைத்திருந்தேன். பன்னிரண்டு மணிக்கு வருகிறோம் என்று சொன்னேன். படகின் பெயரைச் சொல்லவில்லை. ஹேவ்லாக்குக்கு அரசுப் படகு உண்டு, தனியார் படகுகள் மூன்று நான்கு உண்டு. அரசுப் படகு ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்தும் தனியார் படகுகள் ஹாடோவிலிருந்தும் கிளம்பும். அன்று கடல் கொஞ்சம் கோபமாக இருந்தது, எங்கள் படகு இரண்டு மணி நேரம் தாமதமாக எடுத்தது. பன்னிரண்டு மணிக்கு வேறு ஒரு படகு வந்திருக்கிறது. எங்கள் டிரைவர் அதில் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, நாங்கள் வரவில்லை என்று போய்விட்டார். நடுக்கடலில் போனில் சிக்னல் ஏது? துறையில் இறங்கினால் எல்லோர் பெயருக்கும் அட்டை இருக்கிறது, வேலாயுதத்துக்கு இல்லை. மகன் மட்டும், "கொள்ளுத்தாத்தா இந்தத் தீவுக்கு வரலையாம்மா?" என்றான்.

இரண்டு ஆட்டோ பிடித்தோம். முன் ஆட்டோவில் அப்பாவும் பெட்டிகளும், பின் ஆட்டோவில் நாங்கள். தப்பு முழுக்க என்னுடையது. விமானத்துக்கு எண் கொடுக்கிறோம், அவர்கள் தாமதத்தை போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். படகுக்கு அப்படி ஒரு வசதி இருப்பதாக நாமே நினைத்துக்கொள்கிறோம். படகின் பெயரைச் சொல்லுங்கள், எந்தத் துறையிலிருந்து என்று சொல்லுங்கள், படகு எடுத்ததும், சிக்னல் போவதற்குள் ஒரு செய்தி தட்டிவிடுங்கள். கையில் ரொக்கமும் வேண்டும். சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்த பிறகு அந்தமானில் இணையம் எவ்வளவோ தேவலை. போர்ட் பிளேரில் இளநீர்க்காரர்கூட கியூஆர் அட்டையை நீட்டினார். ஹேவ்லாக்கில் நாங்கள் பிடித்த ஆட்டோக்காரர் இருவரும் கையை விரித்தார்கள்.

ஊர் திரும்பியதும் ஆபீசில் இதைச் சொன்னபோது ஆளுக்கொரு தீவுக் கதை எடுத்துவிட்டார்கள். அதில் தெரிந்த ஒன்று: தூரத்துக்கும் வண்டி முன்பதிவுக்கும் சம்பந்தமே இல்லை.

மாலத்தீவு போனவர் சொன்னது சுவாரசியமானது. அங்கே விமான நிலையமே தனித் தீவு. அதனால் ரிசார்ட்டுக்குப் போக 'டாக்ஸி' என்றால் விரைவுப் படகு அல்லது கடல் விமானம். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில்தான் பறக்கும். சாயங்காலம் போய் இறங்கினால் மாலேயில் ஒரு ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும். ரிசார்ட் சொல்லும் கட்டணத்தில் இந்தச் சவாரி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பெங்களூர்–மாலே டிக்கெட்டைவிட அது கூடப் போய்விடும்.

பாலிக்கு இப்போது பெங்களூரிலிருந்தே நேர் விமானம் இருக்கிறது. அங்கே விமான நிலையம் தெற்கு முனையில், எல்லோரும் தங்க விரும்பும் உபுட் மலைப்பக்கம். நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் போகும். சில்க் போர்டில் பழகியவர்களுக்கு அது பொருட்டே இல்லை என்று நண்பர் பெருமையாகச் சொன்னார். மார்ச்சில் போகிறவர்கள் மட்டும் நியெப்பி என்ன தேதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய மௌன நாள். அன்று விமான நிலையமே 24 மணி நேரம் மூடிவிடுவார்கள், தெருவில் ஒரு வண்டி ஓடாது.

இலங்கைக்கு நானே போயிருக்கிறேன். கட்டுநாயக்காவிலிருந்து கொழும்புக்கு 2013-இல் திறந்த அதிவேகப் பாதை இருக்கிறது. பிக்மீ ஆப்பில் கார் வருகிறது, சுமை குறைவென்றால் 187 பஸ்ஸே போதும். கொழும்போடு நிற்கிறவர் முன்பதிவுக்குத் தவிக்க வேண்டாம். இறங்கிய கையோடு கண்டிக்கோ எல்லவுக்கோ போகிறவர்தான் நல்ல டிரைவராகப் பார்த்து முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அது பல மணி நேர மலைப்பாதை.

எனவே என் கட்சி இதுதான்: தனி வண்டிக்குக் கொடுக்கும் காசு கிலோமீட்டருக்கு இல்லை, நமக்காக ஒரு ஆள் நிற்பதற்கு. இருபது வயசில் முதுகுப்பையோடு நான் தனியாகப் போயிருந்தால் போர்ட் பிளேரில் நடந்தே போயிருப்பேன். முட்டிவலிக்கார அம்மாவோடு போனால் அறுநூறு கொடுக்கலாம், ரெண்டாயிரம் கொடுக்கக் கூடாது. நடுவில் இருக்கும் இணையதளத்தைவிட விடுதிக்காரர் சொல்லும் ஆள் மேல். அவர் நாளைக்கும் விடுதிக்காரர் முகத்தில் முழிக்க வேண்டும். பணம் தலைக்கா, வண்டிக்கா? விமானம் தாமதமானால் எவ்வளவு நேரம் நிற்பார், அதற்குத் தனிக் காசா? டிக்கி காலியா? இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். முந்தின நாள் டிரைவர் நம்பரும் வண்டி நம்பரும் கைக்கு வரவில்லை என்றால் பதிவு நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது தேவனஹள்ளியில் யாரும் எங்களுக்காக நிற்கவில்லை. மதிய நேரம், அவசரமும் இல்லை. பிஎம்டிசியின் வாயு வஜ்ரா பஸ்களில் எலெக்ட்ரானிக் சிட்டி போகும் கேஐஏ-8 நின்றது. பெட்டிகளை அடுக்கிவிட்டு ஆளுக்கொரு ஜன்னல் பிடித்தோம். அப்பா நன்றாகத் தூங்கினார். சில்க் போர்டில் எழுந்து, "இன்னுமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினார். விமானத்தில் உட்கார்ந்த நேரத்துக்கும் பஸ்ஸில் உட்கார்ந்த நேரத்துக்கும் கால் மணிதான் வித்தியாசம்.

அடுத்து லட்சத்தீவு என்று மகன் அடம்பிடிக்கிறான். பர்மிட் வேண்டும் என்பது தெரியும், அகத்தியில்தான் விமானம் இறங்கும் என்பதும் தெரியும். அங்கேயிருந்து பங்காரத்துக்குப் படகு சொல்லி வைத்து, வயசானவர்களோடு போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே இரண்டு வரி எழுதுங்கள். யாரிடம் சொன்னீர்கள், எவ்வளவு ஆனது, படகில் ஏற இறங்க அம்மாவால் முடியுமா? இந்த மூன்றும் போதும்.